கற்குவியலைப் படமெடுத்தால் அது ‘கட்டமைக்கப்பட்ட நிலக்காட்சி’ ஆகுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மொரீஷியஸில் புகைப்படம் படிக்கிறீர்கள். ‘கட்டமைக்கப்பட்ட நிலக்காட்சிகள்’ என்ற தலைப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். கரும்புக்காடு, தெற்குப் பக்கத்துக் கருங்கல் குவியல்கள், ஒரு பழைய ஆலையின் புகைபோக்கி, ஃபிலாவோ மரம் நிற்கும் கடற்கரை, கங்கா தலாவ் சிவன் சிலை என்று 40 படம் எடுத்துக்கொண்டு போனீர்கள். ஆசிரியர் பார்த்துவிட்டு, “நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் கட்டமைப்பு எங்கே?” என்று கேட்டுவிட்டார். கூடப் படிப்பவர்கள் கத்தரியும் பசையும் கணினியுமாக வெட்டி ஒட்டுகிறார்கள். நானும் வெட்டி ஒட்டத்தான் வேண்டுமா, குடும்பத்தோடு கும்பகோணம் போனபோது எடுத்த குளத்தின் படத்தைத் தாத்தா வேலை செய்த கரும்புக்காட்டோடு சேர்த்தால் பொய்யாகிவிடாதா, கடைசியில் எழுத வேண்டிய பிரதிபலிப்புக் கட்டுரையில் என்ன எழுதுவது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகிறது. கட்டுமானம் நிலத்தில் இருந்தால் போதுமா, படத்திலும் இருக்க வேண்டுமா என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் திருநெல்வேலிக்காரன். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரோஸ் ஹில்லில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணமும் காவடியும் படமெடுத்துப் பிழைப்பு நடக்கிறது. சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் உங்கள் தாளைத் திருத்துபவன் நானில்லை. மதிப்பெண் பற்றி இங்கே நான் சொல்வதெல்லாம் என் மாணவர்களைப் பார்த்துப் பழகிய அனுமானம். மற்றதைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது, இரண்டுமே செல்லும். ஒன்று, மனிதன் கை வைத்து மாற்றிய நிலத்தை உள்ளபடி எடுப்பது. 1975இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸில் ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ என்று ஒரு கண்காட்சி நடந்தது. ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஸ்டீஃபன் ஷோர், ஜெர்மனியின் பெக்கர் தம்பதி உட்படப் பத்துப் பேர் கலந்துகொண்டார்கள். மலையும் அருவியும் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் இவர்கள் புதுக் குடியிருப்பு, வாகன நிறுத்துமிடம், தொழிற்சாலைச் சுவர் என்று அலட்டிக்கொள்ளாமல் எடுத்து மாட்டினார்கள். உங்கள் 40 படமும் இந்த வழியில் வருகிறது. இன்னொன்று, இல்லாத நிலத்தைப் படத்துக்குள் உண்டாக்குவது. தாமஸ் டிமாண்ட் என்ற ஜெர்மானியர் காகிதத்தாலும் அட்டையாலும் ஓர் இடத்தை ஆளுயரத்துக்குச் செய்து, படமெடுத்துவிட்டு, செய்ததை அழித்துவிடுவார். லண்டனில் இருக்கும் டாஃப்னா தல்மோர் தன் வண்ண நெகட்டிவ்களையே கத்தியால் அறுத்து, துண்டுகளைச் சேர்த்து அச்சிடுகிறார். உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அவர் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுத்திருப்பார்கள்.

இது கணினி வந்தபின் வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலை எடுத்தபோது, அன்றைய கொலோடியன் தட்டு (நெகட்டிவாகப் பயன்பட்ட, ஒளியுணர் பூச்சுள்ள கண்ணாடி) நீல ஒளிக்கு மட்டும் அளவுக்கு மீறி உணர்வுள்ளதாக இருந்தது. அலைக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். அதனால் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். 1855இல் கிரிமியப் போர்முனையில் ராஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்கை இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பாதையெல்லாம் பீரங்கிக் குண்டுகள் கிடக்கின்றன, மற்றதில் பாதை காலி. யாராவது குண்டுகளை எடுத்துப் பாதையில் போட்டார்களா, எது முதல் படம் என்று நெடுங்காலம் சண்டை நடந்தது. 1999இல் ஆந்திரியாஸ் குர்ஸ்கி எடுத்த ரைன் நதிப் படத்தில் கரையில் இருந்த கட்டடங்களைக் கணினியில் நீக்கிவிட்டார். பச்சைக் கரையும் சாம்பல் நீரும் மட்டும் மிச்சம். ஆக, வெட்டுவதும் ஒட்டுவதும் புகைப்படத்துக்கு வெளியிலிருந்து வந்த கலப்படம் இல்லை.

இனி நம் தீவுக்கு வருகிறேன். உங்கள் படங்களின் பலமும், உங்கள் ஆசிரியருக்குத் தெரியாமல் போனதும் இங்கேதான் இருக்கின்றன. மொரீஷியஸில் கண்ணுக்கு இயற்கையாகப் படுவதில் பெரும்பகுதி கொண்டுவந்து வைத்தது. டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறும்வரை இங்கே மனிதர் வாழவில்லை. மறுவருடமே ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் வந்து இறங்கின. 1735க்குப் பிறகு பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் போர்ட் லூயிஸைக் கட்ட பாண்டிச்சேரியிலிருந்து நம் கொத்தனார்களும் தச்சர்களும் கொண்டுவரப்பட்டார்கள். 1810இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முந்தைய வருடமே தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஏறிய படிக்கட்டு போர்ட் லூயிஸில் இன்றும் இருக்கிறது. ஆப்ரவாசி காட் என்ற அந்த இடம் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இதற்கெல்லாம் இடம் விட்டது காடு. தீவில் நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் பூர்வீகக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு. நீங்கள் ‘இயற்கையான கடற்கரை’ என்று பெயரிட்டிருக்கும் படத்தில் நிற்கும் ஃபிலாவோ நம் ஊர்ச் சவுக்குதான், அதுவும் கொண்டுவந்து நட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 250க்கு மேல் சர்க்கரை ஆலைகள் ஓடின, இன்று மூன்றுதான். எபேனில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கும் சைபர் சிட்டியும் இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை கரும்புதான். கங்கா தலாவ் ஓர் எரிமலைவாய் ஏரி. 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றியபின் அது புனித நீர்நிலையாகப் பெயர் மாறியது. கரையில் நிற்கும் 33 மீட்டர் சிவன் 2007இல் எழுந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஒரு நிலத்தை வேறு நிலமாக்கியிருக்கிறார்கள், நம்பிக்கையோடு. இதைவிடக் கட்டமைக்கப்பட்ட நிலக்காட்சி வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த விஷயமெல்லாம் உங்கள் படத்தில் தெரிகிறதா? ஆசிரியர் கேட்டது அதைத்தான். நேர்மையாகச் சொல்கிறேன், பெரும்பாலான படங்களில் தெரியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில், கண் உயரத்தில், அகலமான லென்ஸில் எடுத்ததால் எல்லாமே சுற்றுலா அட்டை மாதிரி வந்திருக்கிறது. உங்கள் கற்குவியல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் மலை, நடுவில் பச்சை, ஓரமாகக் கறுப்பாக ஒரு மேடு. அவ்வளவுதான். அதே மேட்டுக்குக் கிட்டே போய் நில்லுங்கள். பிளேன் மான்யேன் பக்கம் ஒரு குவியல் முன்னால் நான் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அடிவரிசைக் கற்கள் பெரியவை, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவை; முகம் வெளியே பார்க்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். மேலே போகப்போகக் கல் சின்னதாகிறது, ஒரு கையால் எறிந்த அளவு. எரிமலைக் கல் என்பதால் உடம்பெல்லாம் ஊசித்துளை, துளைக்குள் வெள்ளைப் பாசி. கற்களுக்கு நடுவே சுண்ணாம்பும் இல்லை, மண்ணும் இல்லை. விரலை விட்டால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சரிவு குறைவு, அந்த வழியாகத்தான் ஏறிப் போட்டிருக்க வேண்டும். கரும்பு நடுவதற்காக வயலில் கிடந்த கல்லைப் பொறுக்கிச் சுமந்து கொட்டிய இடம் அது. பின்னாளில் எப்பியெராஜ் என்று இயந்திரம் வைத்துக் கல் அகற்ற ஆரம்பித்தபோது உருவான குவியல்களின் முகம் வேறு. பெரிதும் சிறிதும் தாறுமாறாகப் புரண்டு கிடக்கும், அடுக்கு இருக்காது. இந்த இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே உயரத்தில், மேகமூட்டமான நாளில் எடுத்தாலே உங்கள் ஆசிரியரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஒரு கத்தரியும் வேண்டாம்.

பிளேன் மான்யேனில் படி படியாக இருக்கும் ஏழு மேடுகளைப் பழங்காலப் பிரமிடுகள் என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் குறிப்பிலும் அப்படி எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். வயலைச் சுத்தம் செய்த கல் என்பதுதான் பொருந்துகிற விளக்கம். கல்லைச் சுமந்த தோளிலிருந்து அந்த உழைப்பைப் பிடுங்கி முகம் தெரியாத யாருக்கோ கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. அதே சமயம், ஒரு குறிப்பிட்ட குவியலைக் காட்டி ‘இதை என் பாட்டனார் அடுக்கினார்’ என்றும் எழுதாதீர்கள். வீட்டில் சொல்லிக் கேட்டது என்றால் ‘வீட்டில் சொல்வார்கள்’ என்றே எழுதுங்கள்.

இன்னொன்றை உங்கள் திட்டத்தில் யாரும் தொடவில்லை. இந்த நிலத்தைக் கட்டியதில் கேமராவுக்கும் பங்கு உண்டு. 1867ஆம் வருடச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்த பழைய கூலிகள் தங்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடமாட வேண்டும். சீட்டு இல்லாமல் வழியில் பிடிபட்டால் நாடோடிக் குற்றம். யார் எந்தத் தோட்டத்தில் நிற்கலாம், எந்தச் சாலையில் நடக்கலாம் என்பதை ஒரு சின்ன முகப்படம் தீர்மானித்தது. மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் குடியேற்ற ஆவணங்களில் அப்படிப்பட்ட முகங்கள் இருக்கின்றன. நேரே பார்த்தபடி, பின்னால் வெறும் துணி. ஒரு செடிகூட இல்லை. கரும்புக்காட்டுப் படங்களில் ஆள் இல்லை, ஆள் படங்களில் காடு இல்லை. உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரலாற்றுக் குறிப்புக்குத்தான் இடம் என்றால் இதைச் சேருங்கள். அந்த முகங்களையே வெட்டி உங்கள் வயலில் ஒட்டலாமா என்று கேட்டால், நான் ஒட்டமாட்டேன். ஒருமுறை அவர்களைக் கேட்காமல் எடுத்த படம் அது. இது என் மனசு சொல்வது, விதி இல்லை. உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி நினைக்கலாம்.

அடுத்து கும்பகோணத்துக் குளம். சேர்க்கலாம். ஆனால் நான் பட்ட அவமானத்தை முதலில் கேளுங்கள். வந்த புதிதில் நானும் இதையே செய்தேன். மார்கழி மாதம் எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தைக் கிழக்கே பார்த்து எடுத்த படத்தையும், இங்கே ஜூலையில் கிழக்கே பார்த்து எடுத்த கரும்பு வயலையும் சேர்த்தேன். தையல் தெரியாத அளவுக்கு ஓரத்தை மழுக்கி, பெரிதாக அச்சிட்டு, ஒரு கோயில் மண்டபத்தில் மாட்டினேன். வயல் வேலையில் நாற்பது வருடம் கழித்த ஒரு பாட்டி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “இங்கே சூரியன் ரெண்டா?” என்று இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பார்த்தால், குளத்துப் படித்துறையின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, கரும்பின் நிழல் வலப்பக்கம். மார்கழியில் திருநெல்வேலியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கிழக்கே பார்த்து நின்றால் வலது கைப் பக்கம். மொரீஷியஸ் தென்கோளத்தில் இருப்பதால் இங்கே வருடத்தின் பெரும்பகுதி வடக்கே போகும். அதாவது இடது கைப் பக்கம். வெயிலிலேயே ஆயுளைக் கழித்தவர் கண்ணுக்கு அது ஒரு நொடியில் பட்டுவிட்டது. நான் அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். கழற்றியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். ஓரத்தை மழுக்கியதுதான் தப்பு. இரண்டு சூரியன் என்பதே அந்தப் படத்தில் நிஜமான விஷயம், அதைத்தான் நான் மூடி மறைக்கப் பார்த்தேன்.

ஆகவே தையலைக் காட்டுங்கள். பார்ப்பவரை ஏமாற்றும் எண்ணத்தோடு இணைப்பை மறைத்தால்தான் பொய். வெட்டு கண்ணுக்குத் தெரிந்தால் அது ஒரு கூற்று. செய்முறையில் ஒரு எச்சரிக்கை: முதல் முயற்சியிலேயே நெகட்டிவில் கத்தி வைக்காதீர்கள். அச்சுப் பிரதியை வெட்டிப் பழகுங்கள், மனசு நிலைத்தபின் நெகட்டிவ். நெகட்டிவை அறுத்துச் சேர்க்கும்போது இரண்டு துண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டால், ஒளி தடையில்லாமல் பாய்ந்து அச்சில் கன்னங்கரேலென்று ஒரு கோடு விழும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அடர்த்தி கூடி அந்த இடம் வெளுத்து வரும். குளத்துக்கும் வயலுக்கும் நடுவே கறுப்புக் கோடா, வெளுப்பா என்று நீங்கள் தீர்மானிக்கலாம். கணினியில் செய்தால் அந்தக் கோடு தானாக வராது. அதனால்தான் கையால் செய்து பாருங்கள் என்று இந்த இடத்தில் வற்புறுத்துகிறேன்.

எதை எதோடு சேர்க்கலாம் என்பதற்கு வெளியே போய் விதி தேட வேண்டாம். பள்ளியில் படித்த ஐந்திணையே போதும். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அங்கே வாழும் மரம், விலங்கு, தொழில், தெய்வம். உரிப்பொருள் என்றால் அந்த நிலத்துக்குரிய உணர்வு. தொல்காப்பியர் திணைமயக்கத்துக்கு இடம் கொடுக்கிறார்: உரிப்பொருள் அல்லாத மற்றவை ஒன்றோடொன்று கலக்கலாம். பொழுது கலக்கலாம், மரம் கலக்கலாம். உணர்வு ஒன்றாக நிற்க வேண்டும். அந்த உணர்வை வைத்துத்தான் பாட்டு எந்தத் திணை என்று முடிவாகிறது. கரும்பு மருத நிலத்துப் பயிர். ஆனால் உங்கள் தாத்தாவின் வயலில் ஓடுவது மருதத்தின் ஊடல் இல்லை, பாலையின் பிரிவு. அப்படியானால் அந்தப் படம் பச்சைப்பசேலென்று இருந்தாலும் பாலைதான். குளத்தையும் அதே பிரிவுக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் தாராளமாகச் சேரும். ‘நம் பாரம்பரியம் அழகு’ என்று காட்டச் சேர்க்கிறீர்கள் என்றால் உணர்வு இரண்டாகிவிடும், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பிரிந்து நிற்கும். இந்த இலக்கணத்தைப் புகைப்படத்துக்குப் பொருத்துவது என் சொந்த யோசனை. உங்கள் பாடத்திட்டத்தில் இருக்காது. உங்களுக்கு ஒத்துவந்தால் கட்டுரையில் விளக்கி எழுதுங்கள், நிச்சயம் தனித்துத் தெரியும்.

பிரதிபலிப்புக் கட்டுரை பற்றி. நீங்கள் அனுப்பிய வரைவின் முதல் வரி, ‘இயற்கையும் மனிதனும் கைகோத்த அழகிய தீவு எங்கள் மொரீஷியஸ்’. இந்த வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் உங்கள் படத்துக்குப் பொருந்தாது. ஐந்தாவது பத்தியில், போகிற போக்கில், ‘புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்த கடைப் பலகை தெரியாமல் இருக்க இடது பக்கம் நகர்ந்தேன்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது! ஏன் மறைத்தீர்கள்? பழைய புகைபோக்கி தனியாக நின்றால்தான் சோகமாக இருக்கும் என்று நினைத்தீர்கள். அப்படியானால் அந்தத் தனிமையை நீங்கள் கட்டினீர்கள். நிலத்தை ஆலைக்காரன் கட்டினான், சட்டகத்தை நீங்கள் கட்டினீர்கள். பலகையோடு ஒன்று, பலகை இல்லாமல் ஒன்று என்று இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஃபென்டன் செய்தது இதுதான். 40 படத்தில் 9 போதும். ஒவ்வொன்றுக்கும் எங்கே நின்றீர்கள், எதை வெளியே விட்டீர்கள், எது நினைத்தபடி வரவில்லை என்று எழுதினாலே பக்கம் நிறைந்துவிடும். தோற்ற படங்களைப் பற்றி எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று பயப்படுகிறீர்கள். என் மாணவர்கள் விஷயத்தில் குறைந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக, கல்மேட்டுப் படங்களைத் தள்ளிப்போடாதீர்கள். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மாதங்களில் சாலையிலிருந்து பார்த்தால் மேட்டின் உச்சி மட்டும்தான் தெரியும். ஜூனில் வெட்டு தொடங்கிவிட்டால் ஒவ்வொரு வயலாகத் திறக்கும், டிசம்பர் வாக்கில் முடிந்துவிடும், மறுதாம்பு உடனே துளிர்த்து ஏற ஆரம்பிக்கும். வெட்டி முடித்த வயலில் சருகு தரையெல்லாம் பழுப்பாகப் படர்ந்து கிடக்கும்போது கறுப்புக் கல் அடிவரிசையோடு முழுசாகத் தெரியும். தோட்டத்து ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கு, மூடின செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். வெட்டின கட்டை காலைக் கிழித்துவிடும்.